பங்களாவில் அப்பா மூட்டிய தீ

எங்கள் அப்பா குடில் கட்டுவார். கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போகிற எங்கள் லயத்து ஜனம், குழந்தை ஏசுவைப் பார்ப்பதற்கு முன்னால் இடையர்கள் பக்கத்தில் எரியும் தீயைத்தான் பார்க்கும். சிவப்புக் கண்ணாடித்தாள், அதற்கு அடியில் ஒரு சின்ன பல்பு, மேலே நாலு சுள்ளி. அவ்வளவுதான். ஆனால் அப்பா வைத்தால் அது எரியும். வயதானவர்கள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் கைவேலையால்தான் எங்களுக்கு வீடு போயிற்று என்று ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேரள மலையில் சாந்தன்பாறைக்கு மேலே ஏலத்தோட்டம். வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளுக்கு லயம் என்று பேர். ஒரு அறை, ஒரு அடுப்படி. தோட்டத்துக் கணக்கில் வேலைக்காரன் என்று பேர் இருக்கிறவரைக்கும் வீடு நம்முடையது. பேரை எடுத்துவிட்டால் வீட்டை விட வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா பேர் மட்டும்தான் இருந்தது. அம்மா காய் எடுக்கிற காலத்தில் மட்டும் போவாள். அவளுக்குப் பேர் கிடையாது.

அப்பா மரத்தில் ஏறிக் கொப்பு கழிக்கும்போது விழுந்தார். உயிர் தப்பியது. வலது முட்டி மடங்கவில்லை. ஏலத்தோட்டம் முழுக்கச் சரிவு. முட்டி மடங்காதவன் அங்கே நிற்கக்கூட முடியாது. அந்த மழைக்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தார். கிறிஸ்துமஸ் குடிலைக் காலை நீட்டி உட்கார்ந்தபடியே கட்டினார். அதுவரைக்கும் பேரை எடுக்கவில்லை. எப்போது எடுப்பார்கள் என்றும் தெரியவில்லை. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வீட்டுப் பக்கம் வந்தாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு ஸ்டோர் என்று சொல்வோம். அங்கே காவலுக்கு இருந்தவர் கிறிஸ்துமஸுக்குப் பிறகு சொந்த ஊருக்குப் போய்விட்டார். திரும்பவில்லை. அது உட்கார்ந்து பார்க்கிற வேலை. பேரும் இருக்கும். வீடும் இருக்கும்.

“அது மட்டும் கெடச்சுட்டா” என்று அம்மா ஆரம்பிப்பாள். முடிக்க மாட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு மூன்று.

தவக்காலத்தில் ஒரு நாள் பங்களாவிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் போனேன். சரிவில் இறங்க அப்பாவுக்கு என் தோள் வேண்டும். பங்களா வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றோம். மேனேஜர் வந்தார். மலையாளி. தமிழும் பேசுவார். பாதிதான் தமிழ்.

“சர்ச்சில தீ உண்டாக்கினது நீயல்லே?”

“ஆமா சார்.”

மகளுக்குப் பிறந்தநாள் வருகிறதாம். காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிற மாதிரி விருந்து வைக்கப் போகிறார்களாம். கூடாரமெல்லாம் கொச்சியிலிருந்து வந்துவிட்டது. நடுவில் ஒரு தீ எரிய வேண்டும். சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து பாட வேண்டும். ஆனால் நிஜத் தீ வைக்க முடியாது.

“தோட்டம் உணங்கிக் கெடக்கு. ஒரு பொறி போதும்” என்றார்.

அது எங்களுக்கும் தெரியும். அந்த வருடம் மழை முன்னமே நின்றுவிட்டது. ஏலச்செடியின் அடியில் கிடந்த சருகு, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. எந்த லயத்திலும் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். ஒவ்வொரு லயத்திலும் தண்ணீர் டிரம் நிறைந்திருக்க வேண்டும். பச்சைக் கொப்பு வெட்டிச் சுவரில் சாத்தியிருக்க வேண்டும். சாயங்காலம் முறை வைத்து ஒரு ஆள் பாறைமேல் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும். தீயைக் கண்டால் மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். அடித்தால் எல்லோரும் கொப்போடு ஓட வேண்டும். ஓடாதவனுக்கு அன்றைய பேரும் கூலியும் இல்லை. பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எடுக்கிற இடத்தில், கங்காணி இதைக் கத்திச் சொன்னார்.

மேனேஜரின் மனைவியை நாங்கள் கொச்சம்மா என்போம். அவரும் வெளியே வந்தார்.

“சின்னப் பிள்ளைங்களாணு. குத்தக் கூடாது. சுடக் கூடாது. கண்ணாடி வேண்டாம், ஆணி வேண்டாம், கரண்டு வேண்டவே வேண்டாம். ஒரு குட்டி உண்டு, கையில கிட்டினதெல்லாம் வாயில வைக்கும்.”

“தின்னாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி செஞ்சு தாரேன் கொச்சம்மா” என்றார் அப்பா.

கொச்சம்மா சிரித்தார். பிறகு விரலை வாயில் வைத்துக் காட்டினார். “மோளுக்கு இது சர்ப்ரைஸ். லயத்தில ஆர்கிட்டயும் சொல்லண்டா. லயத்தில தெரிஞ்சா எங்க கிச்சன்ல தெரியும். கிச்சன்ல தெரிஞ்சா மோளுக்குத் தெரியும்.”

“என் பொண்டாட்டி பிள்ளையத் தவிர யாருக்கும் தெரியாது.”

எல்லாம் பேசி முடிந்தும் அப்பா நின்றார். மேனேஜர் என்ன என்பது போலப் பார்த்தார்.

“சார், அந்த ஸ்டோர் காவலு...”

“நோக்காம்” என்றார் மேனேஜர். “முதல்ல இது நடக்கட்டு.”

ஏறி வரும்போது அப்பா என் தோளை வழக்கத்தைவிட லேசாகப் பிடித்திருந்தார்.

“நோக்காம்னாரு, கேட்டேல்ல?”

“கேட்டேன்பா.”

“பாக்கலாம்னாரு. இல்லைங்கல.”

வீட்டில் அம்மா, “கூலி என்னான்னு கேட்டீகளா?” என்றாள்.

“கூலியக் கேட்டா அப்புறம் வேலையக் கேக்க முடியுமா?”



மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. நிஜக் கல் வேண்டாம் என்று அப்பா முதலிலேயே முடிவு செய்தார். பிள்ளைகள் தூக்கிப் போட்டுக்கொண்டால் கால் போகும். பழைய சிமெண்டுச் சாக்குத் தாளைக் கசக்கி உருட்டி, மைதாப் பசை தடவி, மேலே செய்தித்தாளை ஒட்டிக் காயவைத்தார். அடுப்புக் கரியும் சாம்பலும் கஞ்சியில் கலந்து பூசினார். பார்த்தால் ஆற்றுக் கல். எடுத்தால் காற்று. ஒன்றை எடுத்து நக்கியும் பார்த்தார்.

“உப்புதான் இல்ல” என்றார்.

கட்டைக்கு முருக்கு மரத்தை அறுத்தார். காய்ந்த முருக்கு தக்கை மாதிரி இருக்கும். அதன் முள்ளையெல்லாம் எடுத்து, முனைகளை உடைந்த ஓட்டில் தேய்த்து மழுக்கினார். ஒவ்வொரு கட்டையையும் தன் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்ப்பார். கீறினால் மறுபடி தேய்ப்பார். கட்டையின் நுனியில் கரி. கரிக்கு நடுவில் சிவப்புத் தாள், கங்கு மாதிரி.

சுடர்தான் வரவில்லை. கண்ணாடித்தாளில் செய்தால் குடிலுக்குச் சரி. குடிலைத் தள்ளி நின்று பார்க்கிறோம். பங்களாவில் பிள்ளைகள் கிட்டே உட்காரும். தாள் அசையாது. அசையாத தீயைப் பிள்ளைகள் நம்பாது.

அப்பா மூன்றாம் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அம்மா பெட்டியைத் திறந்து அவளுடைய ஆரஞ்சு நைலக்ஸ் சேலையை எடுத்தாள். கோயிலுக்கு அதைத்தான் கட்டுவாள். வேறு நல்ல சேலை இல்லை. ஊதினால் பறக்கும், அவ்வளவு லேசு.

“இது ஆடுமா பாருங்க.”

“இதயா?”

“வீடு இருந்தா சேலை வாங்கிக்கிடலாம்.”

அவளே முந்தியிலிருந்து வெட்டினாள். கோணல் கோணலாக, தீயின் நாக்கு மாதிரி.

காற்றுக்கு ஒரு விசிறி வேண்டும். தம்பியிடம் திருவிழாவில் வாங்கின பொம்மை ஜீப் ஒன்று இருந்தது. பேட்டரியில் ஓடும். அப்பா அதைப் பிரித்து உள்ளே இருந்த மோட்டாரை எடுத்தார். தம்பி தரையில் விழுந்து புரண்டான். “நாளைக்கு மாட்டித் தாரேன்டா, நெசமா மாட்டித் தாரேன்” என்று அப்பா சொல்லிக்கொண்டே டின் தகட்டுக்குப் பதில் அட்டையில் இறக்கை வெட்டினார். தகடு கையை அறுக்கும். அட்டை அறுக்காது. மோட்டாரையும் பேட்டரியையும் டார்ச்சின் பல்புகளையும் வெளிச்சம் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, காற்று போகத் துளை மட்டும் விட்டார். அதைக் கட்டைகளுக்கு அடியில் ஒளித்தார். ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டோம். பட்டப்பகலிலேயே அறை இருட்டாயிற்று.

அப்பா சுவிட்சைப் போட்டார்.

அம்மாவின் சேலை எழுந்து எரிந்தது. அடியில் மஞ்சள், மேலே போகப் போகச் சிவப்பு. ஒரு நாக்கு தாழ்ந்தால் இன்னொன்று எழும்பியது. சுவரில் எங்கள் நிழல் ஆடியது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அழுதுகொண்டிருந்த தம்பி வாயை மூடினான். பிறகு நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்தான். ஒரு கல்லைக் கடித்தான். ஒரு சுடரைப் பிடித்து இழுத்தான். அப்பா தடுக்கவில்லை. அவனை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“போதும்” என்றார் அப்பா. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள்தான் கங்காணி இரண்டு ஆட்களோடு லயத்துக்கு வந்தார். அளக்கிற நாடா வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டின் நீளத்தை வெளியிலிருந்து அளந்தார்கள். கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி மாதிரி ஒரு கோடு போட்டார்கள். மற்ற வீட்டுக் கதவுகளில் ஒன்றும் போடவில்லை. அம்மா விறகுக்குப் போயிருந்தாள்.

“எதுக்கு மாமா கோடு?” என்று கங்காணியைக் கேட்டேன்.

“வெள்ளையடிக்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈஸ்டருக்கு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு அத்தை, “உங்கப்பன் கோயிலுக்கு உழைக்கிறான்ல, அதான்டி மொதல்ல உங்களுக்கு” என்றாள். அவள் சொந்த அத்தை இல்லை. அப்பா அவளை அக்கா என்பார். எங்கள் வீட்டில் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, பெரிய வெள்ளிக்குக் கோயிலில் வைக்கக் கல்லறை செய்கிறார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை.

கங்காணி அப்பாவைத் தண்ணீர் டிரம் பக்கத்துக்குக் கூட்டிப் போய் ஏதோ பேசினார். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வந்து பசைக் கிண்ணத்தை எடுத்தார். பிய்ந்திருந்த ஒரு கல்லை ஒட்டினார். அது ஒட்டவில்லை. மறுபடி ஒட்டினார். அப்போதும் ஒட்டவில்லை. அவர் கைக்கு அப்படி ஆகாது.

“யார் வந்தா?” என்று அம்மா வந்து கேட்டாள்.

“கங்காணி.”

“என்னவாம்?”

“வெள்ளையடிக்கணுமாம்” என்றார் அப்பா.

பிறந்தநாளன்று மத்தியானமே போனோம். தீயைப் பிரித்துச் சாக்கில் கட்டி அம்மாவும் நானும் தூக்கினோம். பங்களாவுக்கு முன்னால் புல்வெளி. அதன் விளிம்பில் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் எங்கள் லயம். நேராகப் பார்த்தால் பக்கம். நடந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

வெள்ளைக் கூடாரங்கள் வட்டமாக நின்றன. பஞ்சடைத்த கரடி ஒன்று, மான் ஒன்று. அப்பா நடுவில் உட்கார்ந்து கல்லை அடுக்கினார். கொச்சம்மா வந்து எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கல்லைத் தூக்கியதும், “அய்யோ!” என்று சிரித்தார். கொச்சியிலிருந்து வந்த சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் கல்லைத் தூக்கச் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். மேனேஜரும் தூக்கினார்.

“கொள்ளாமல்லோ” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்பா எழுந்து நின்று தலைத்துண்டை எடுத்தார். இப்போது கேட்பார் என்று நினைத்தேன். அம்மாவும் சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. மேனேஜர் வேறு பக்கம் போய்விட்டார்.

“கேக் வெட்டி முடியட்டும்” என்றார் அப்பா என்னிடம். நான் கேட்காமலே சொன்னார்.

வெயில் இறங்கியதும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுச் செடிவேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது. மேனேஜரின் மகளுக்கு ஆறு வயதிருக்கும். அவள் தீயைச் சுற்றி ஓடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கொச்சம்மா ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டிக் குளிர் காய்ந்தன. அந்தப் பெண் தமிழில் சொன்னாள். “சூடாயிருக்குல்ல?”

“சுடவேயில்லையே” என்றேன்.

“சூடாயிருக்குன்னு சொல்லணும். இது களி” என்றாள். விளையாட்டு என்று அர்த்தம்.

“சூடாயிருக்கு” என்றேன். நான் தினமும் அடுப்பில் குளிர் காய்கிறவள். எனக்கு அது விளையாட்டு என்று படவில்லை. ஆனால் சொன்னால் அப்பாவுக்கு நல்லது என்று தோன்றியது. இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.

அப்போது பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது. எங்கள் மலையில் சாயங்காலம் மூடுபனி அப்படி வரும், யாரும் கூப்பிடாமல். மெல்லிசாகப் புல்வெளியில் படர்ந்து தீக்கு மேலே வந்தது. அடியிலிருந்து வெளிச்சம் பட்டதும் அது புகையாகிவிட்டது. சிவப்புப் புகை. சுருண்டு சுருண்டு கூடாரங்களுக்கு மேலே எழும்பியது. கொச்சிக்காரர்கள் கைதட்டினார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். அப்பா வேலிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அதை அவர் செய்யவில்லை. ஆனால் தான் செய்தது மாதிரிதான் பார்த்தார்.

கேக் வந்தது. பாட ஆரம்பித்தார்கள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள்.

அந்தச் சத்தம் விருந்துக்காரர்களுக்குப் புரியவில்லை. கோயில் மணி என்று நினைத்துப் பாட்டைத் தொடர்ந்தார்கள். எனக்குப் புரிந்தது. எழுந்து நின்று நாலு பக்கமும் மலையைப் பார்த்தேன். எங்கேயும் தீ இல்லை. எங்கே, எங்கே என்று தேடினேன். அப்பாவும் எழுந்து தேடினார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்தையும் பார்த்தோம். மணி விடாமல் அடித்தது. பிறகு அப்பா மெதுவாகத் திரும்பித் தன் தீயைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

“அய்யோ” என்றார். முட்டியை இழுத்துக்கொண்டு சுவிட்சைப் பிடிக்க ஓடி வந்தார். பிள்ளைகளுக்கு நடுவில் அவரால் குனிய முடியவில்லை.

அதற்குள் லயத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். சுற்றி வரவில்லை. பள்ளத்தில் இறங்கி நேராக ஏறிவிட்டார்கள். முதலில் அத்தை. அன்று பாறைமேல் அவள் முறை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலில் ரத்தம் வழிய, கையில் பச்சைக் கொப்போடு வந்தாள். பின்னால் லயமே வந்தது. குடம், வாளி, கொப்பு.

“பிள்ளைக! பிள்ளைக உள்ள இருக்குதுக!” என்று கத்திக்கொண்டே அத்தை மேனேஜர் மகளை ஒரு கையால் வாரி எடுத்துப் பின்னால் வீசினாள். இன்னொரு கையால் தீயை அடித்தாள். சுடர் பறந்தது. கல் பறந்தது. எரிகிற கல் கையில் பட்டும் சுடாததை அவள் கவனிக்கவில்லை. மற்றவர்கள் தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டு பேர் கூடாரத்தின் கயிற்றை அறுத்துச் சாய்த்து மிதித்தார்கள். தீ பரவக் கூடாது என்று. கேக் மேசை கவிழ்ந்தது. “அடிக்காதீங்கக்கா! அக்கா, பொய்த் தீக்கா!” என்று அப்பா கத்தினார். பிள்ளைகளின் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை.

ஈரத்தில் மோட்டார் நின்றது. அம்மாவின் சேலை கட்டையில் ஒட்டிக் கிடந்தது. அத்தை அதைக் கையில் எடுத்தாள். அந்தச் சேலையைக் கோயிலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவை.

“கல்லறைன்னுல்ல நெனச்சேன்” என்றாள். 

மேனேஜர் வந்து நின்றார்.  கங்காணி அப்போதுதான் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

“ஆரு மணி அடிச்சது?”

“நான்தான் சார்” என்றாள் அத்தை. “தீயக் கண்டா அடிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீக.”

 கொச்சம்மா மகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுகைக்கு நடுவிலும் ஒரு காகிதக் கல்லை விடாமல் பிடித்திருந்தாள். அதன் கரி அவள் வெள்ளைக் கவுனில் வழிந்தது. கொச்சம்மா கல்லைப் பிடுங்கிப் புல்லில் போட்டார்.

“சார், ஒரு நிமிசம் குடுங்க. கட்டிருவேன்” என்றார் அப்பா.

“வேண்டா. எடுத்தோண்டு போ.”

“சார்...”

“பின்ன பேசலாம்.”

அப்பா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். லயத்து ஆட்கள் உதவ வந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிய்ந்த கல், ஈரக் கட்டை, அட்டை இறக்கை. மோட்டாரைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பேர் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா முன்னால் நடந்தாள். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். பேசவே மாட்டார் என்று நினைத்தேன். பாதி ஏற்றத்தில் நின்றார்.

“அம்புட்டுத் தூரத்துலருந்து பாத்தும் நெசமுன்னு நெனச்சுட்டாகல்ல?”

“ஆமாப்பா.”

“நல்லாத்தான் வந்திருக்கு” என்றார். சிரிக்கப் பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாம் போன பிறகு என்ன சிரிப்பு என்று கோபம் வந்தது.

அடுத்த வாரம் பேரை எடுத்தார்கள். மலைக்குக் கீழே போடியில் அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். பெரிய வெள்ளிக்கு முன்னாலேயே ஜீப் வந்துவிட்டது. சாமான் அதிகம் இல்லை. லயத்து ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். ஒருத்தி ஏலக்காய் முடிந்து தந்தாள். ஒருத்தி என் தலையைச் சீவிவிட்டாள். அத்தை மட்டும் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் வீட்டில் அழுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கும். ஒரே சுவர்தான். அம்மாவும் அவளிடம் பேசவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு அப்பா அத்தை வீட்டு வாசலுக்குப் போனார். நானும் கூட நின்றேன். அவருக்குத் தோள் வேண்டும்.

“அக்கா, கெளம்புறோம்.”

கதவு திறக்கவில்லை.

“அக்கா. உங்களாலதான்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்காதீக. நீங்க மணி அடிக்கிறதுக்கு முந்தியே கதவுல கோடு போட்டாச்சு. வடக்கேருந்து ஆள் வாராகளாம். வீடு அவுகளுக்கு. ஸ்டோருக்கும் காவல் ஆளு போடப் போறதில்லையாம். கங்காணி அன்னிக்கே சொல்லிட்டாரு.”

கதவு திறந்தது. அத்தை நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“அப்ப எதுக்குய்யா அம்புட்டுப் பாடு பட்ட?”

 திரும்பினால் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தம்பி இடுப்பில் இருந்தான். கையில் மோட்டார் இல்லாத ஜீப். அம்மாவுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

“தெரிஞ்சேதான் செஞ்சீகளா?”

அப்பா தம்பி கையிலிருந்த ஜீப்பைத் தடவினார்.

“செஞ்சு பாத்தேன்” என்றார்.

 எனக்கு எதுவும் விளங்கவில்லை. கதவில் கோடு போட்டது வெள்ளையடிக்கத்தானே, அதற்கு எதற்கு அத்தை மறுபடி அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் கிளம்பியது. வளைவில் திரும்பும்போது லயம் முழுதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேர் வாளியோடு நின்றார்கள். ஒருவன் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிச் சுவரில் இழுத்தான். இழுத்த இடம் பளீரென்று வெளுத்தது.

“அம்மா, அங்க பாரு, வெள்ளையடிக்கிறாங்க!” என்றேன். “இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா நம்மளும் வெள்ள வீட்டுல இருந்திருக்கலாம்ல?”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.